ஜக்கில் தொங்கிய நாக்கு

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். கீழ்வீட்டில் நான் நலம். மேல்வீட்டில் தாங்களும் என் தங்கையும் நலம் என்பதைத் தாங்கள் நாற்காலி இழுக்கும் சத்தத்தை வைத்துத் தினமும் அறிந்துகொள்கிறேன். நலம் விசாரிக்க இதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன. ஆனால் பள்ளிக்கூடத்து அரங்கில் அந்தக் கூட்டம் நடந்த நாளிலிருந்து தாங்கள் என்னோடு பேசுவதில்லை. படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டு இறங்குகிறீர்கள். ஆகவே கூரையை நம்பித்தான் நான் காலம் தள்ள வேண்டியிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் கூட்டத்து ஜக்கில் நான் எதையும் போடவில்லை. பொறாமையால் எதையோ கலந்து தங்களை ஊரார் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன் என்று தாங்கள் மேலாளரிடம் சொன்னதாகவும், அதன் பலனாக என்னை ஆய்வகத்திலிருந்து மணல் கிடங்குக்கு மாற்றப் போவதாகவும் நம் எரிவாயுக் கம்பெனி யார்டு முழுவதும் பேச்சு. வேதியியலில் முதுகலை படித்தவன் இனி லாரியில் கையை விட்டு, மணல் ஈரமா காய்ந்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டுமாம். நேற்று மணல் கிடங்குக்காரரே வந்து, "சார், உங்களுக்கு என்ன சைஸ் பூட்ஸ்?" என்று கேட்டுவிட்டுப் போனார். நல்ல மனிதர். அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் ஆய்வகத்தின் சன்னலோர மேசையை விட்டுப் போவதென்றால், செய்யாத தப்புக்காகப் போக மாட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் பழைய கணக்கு ஒன்றைத் தொட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் எனக்கு எழுத்து ஓடாது. கல்லூரியில் தாங்கள் எனக்கு இளையவர். நான் தங்களை "டேய்" என்றுதான் கூப்பிட்டேன். தாங்களும் "என்ன அண்ணே" என்று ஓடிவந்தீர்கள், பெரும்பாலும் என் சோதனைக் குழாயைக் கடன் கேட்க. பிறகு என் தங்கையைக் கட்டினீர்கள். ஒரே நாளில் உலகம் தலைகீழாகிவிட்டது. அதுவரை உட்கார்ந்துகொண்டே கூப்பிட்டவனை எழுந்து நின்று "வாங்க மாப்பிள்ளை, உட்காருங்க மாப்பிள்ளை" என்று உபசரிக்க வேண்டியதாயிற்று. முதல் முறை "உட்காருடா" என்று பாதி வந்துவிட்டது, அம்மா பின்னாலிருந்து கிள்ளினாள், அந்த இடம் இன்னும் நினைவிருக்கிறது. சரி, வீட்டோடு போகட்டும் என்றிருந்தேன். நான் வேலை பார்க்கும் யார்டுக்கே கலவைப் பிரிவுத் தலைவராக வந்து சேர்ந்தீர்கள். அதற்குப் பிறகு வேலையிலும் எழுந்து நிற்கிறேன். வீடு பார்க்கும்போதும் காற்று வரும் மேல்வீடு தங்களுக்கு, தங்கள் துணியிலிருந்து தண்ணீர் சொட்டும் கீழ்வீடு எனக்கு. யார்டில் என்னை எல்லாரும் ஆசிட் என்கிறார்கள். இப்படி ஒரு மாப்பிள்ளை வாய்த்தால் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறவனும் ஆசிட்டாகத்தான் ஆவான்.

சரி, கூட்டம். ஊருக்கு வெளியே புதிய எரிவாயுக் கிணற்றில் பாறையை உடைக்க ஊரார் சம்மதம் வேண்டும் என்று ஆகிவிட்டது. பூமிக்குள் நாம் எதை அனுப்புகிறோம் என்று அவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். இதைத் தங்கையும் படிப்பாள் என்பதால், தங்களுக்குத் தெரிந்ததையே அவளுக்காக ஒரு முறை சொல்லிவிடுகிறேன்: நாம் தண்ணீரை மிகுந்த அழுத்தத்தில் கிணற்றுக்குள் செலுத்துகிறோம், ஆழத்தில் இருக்கும் பாறை விரிசல் விடுகிறது, விரிசல் மறுபடி மூடிக்கொள்ளாமல் இருக்க அதில் மணலைக் கொண்டுபோய் நிறுத்துகிறோம். வெறும் தண்ணீரில் மணல் வழியிலேயே படிந்துவிடும். அதனால் கொத்தவரை விதையை அரைத்த மாவைக் கரைத்துத் தண்ணீரைக் கொழகொழப்பாக்குகிறோம், அதுவும் போதாதபோது ஒரு சிட்டிகை வெங்காரத்தை, அதாவது போராக்ஸ் பொடியைச் சேர்க்கிறோம், உடனே அது இறுகி நடுங்கும் ஜெல்லாகிவிடும். இறுகியது சரிதானா என்று பார்க்க நம் யார்டில் ஒரு வழக்கம் உண்டு. குவளையைச் சாய்த்தால் ஜெல் ஊற்றாது; விளிம்பைத் தாண்டி நாக்குப் போலத் தொங்கும்; நிமிர்த்தினால் முழுசாக உள்ளே போய்விடும். நாக்குச் சோதனை என்போம். நல்ல நாக்கு வந்தால் பம்புக்காரர்கள்கூடக் கைதட்டுவார்கள். இந்த நாக்கைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலாளர் அறையில் எல்லாரும் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தபோது தாங்கள் எழுந்தீர்கள். "சார், ரொம்ப யோசிக்காதீங்க. நானே எல்லார் முன்னாலயும் ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டிடுறேன். அதோட எல்லார் வாயும் அடைஞ்சிடும்." மேலாளருக்கு முகம் மலர்ந்துவிட்டது. நான் சொன்னேன், "மாப்பிள்ளை, கிணத்துக்குள்ள போறது முழுசையும் குடிக்க முடியாதே." தாங்கள் சிரித்தீர்கள். "முழுசை யார் குடிக்கப் போறா மச்சான்? தண்ணியும் மாவும் மட்டும் கலந்து தாங்க. அதுவும் நம்ம சரக்குதானே." நானும் சரி என்றேன், ஏனென்றால் அறையில் எழுந்து நிற்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது, மறுத்துப் பேசும் பழக்கம் போய்விட்டது. ஆனால் ஒன்று கேட்டேன். "கொஞ்சம் எலுமிச்சை உப்பு போடட்டுமா? வெறும் மாவுத் தண்ணி பசை மாதிரி இருக்கும், தொண்டையில இறங்காது." அதற்குத் தாங்கள் சொன்ன பதில் என் காதில் இன்னும் இருக்கிறது. "மச்சான், நாம என்ன ஜூஸ் கடையா நடத்துறோம்?" அறையே சிரித்தது. மேலாளர் வயிறு குலுங்கச் சிரித்தார். மாப்பிள்ளை, புளிப்பு இருக்கும் இடத்தில் வெங்காரத்தால் ஜெல்லை இறுக்க முடியாது என்பது தாங்கள் என் குறிப்பைப் பார்த்து எழுதித் தேறிய பாடம். அந்த ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பை அன்று போட விட்டிருந்தால் இன்று நான் பூட்ஸ் அளவு சொல்ல வேண்டியிருக்காது.

அடுத்து ஜக்கு. ஆய்வகத்துக் குவளைகள் எல்லாம் ஸ்டிக்கரும் மார்க்கர் எழுத்துமாக இருக்கின்றன, பார்த்தாலே ஜனங்கள் பயந்துவிடுவார்கள் என்று சொல்லி, வீட்டு ஷோகேஸிலிருந்து பூவேலை செய்த கண்ணாடி ஜக்கை எடுத்து வந்தீர்கள். அது தங்கள் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பரிசு. இத்தனை வருடத்தில் எந்த விருந்தாளிக்கும் அது வெளியே வந்ததில்லை. எனக்கு எப்போதும் பிளாஸ்டிக் பாட்டிலில்தான் தண்ணீர். நான் வாங்கிக் கொடுத்த ஜக்கு முதன்முதலாகப் பயன்பட்டது என்னைக் குற்றவாளியாக்குவதற்கு. ஆய்வகத்தில் நான் மாவுத் தண்ணீரைக் கலந்து ஒரு கேனில் எடுத்து வந்தேன், அது உண்மை. அரங்கின் பக்கத்து அறையில் கேனை என் கையிலிருந்து வாங்கி, "தள்ளுங்க மச்சான், நீங்க சிந்திடுவீங்க, நானே ஊத்துறேன்" என்று ஜக்கில் ஊற்றிக் கரண்டியால் கலக்கியது தாங்கள். என் விரல்கூட அந்த ஜக்கின் மேல் படவில்லை. என் பரிசைத் தொடும் பாக்கியம் எனக்கு அன்றும் கிடைக்கவில்லை.

மேலாளர் பேசிக்கொண்டே இருந்தார். ஊரார் எல்லாரும் பள்ளிக்குழந்தைகளின் சிறிய நாற்காலிகளில் முழங்கால் மோவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள், அந்த நிலையில் யாருக்கும் யார் மேலும் நல்லெண்ணம் வராது. பேச்சு முடிந்ததும் தாங்கள் பளீரென்ற வெள்ளைச் சட்டையில் மேடைக்கு வந்து, "இதுதாங்க நாங்க கீழ அனுப்புறது, எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குக்கூடக் கொடுப்பேன்" என்று சொல்லி ஜக்கைச் சாய்த்தீர்கள். தங்களுக்குப் பிள்ளைகளே இல்லை, அது போகட்டும். ஜக்கு சாய்ந்தது, டம்ளரில் ஒன்றும் விழவில்லை. இன்னும் சாய்த்தீர்கள். ஜக்கின் மூக்கிலிருந்து அது மெதுவாக வெளியே வந்தது, பளபளவென்று, கொழுத்து, உள்ளங்கை அகலத்துக்கு. டம்ளரை ஒரு பார்வை பார்த்தது. தாங்கள் பதறி ஜக்கை நிமிர்த்தினீர்கள், அது மறுபடி உள்ளே போய்விட்டது. நாக்குச் சோதனையில் இருபது வருடமாக நான் அப்படி ஒரு நாக்கைப் பார்த்ததில்லை. பின்வரிசையில் நம் பம்புக்காரர் ஒருவர் பழக்கதோஷத்தில் கைதட்டிவிட்டார். அதற்கப்புறம் அரங்கம் அடங்கவில்லை. பேக்கரிக்காரர் சொன்னார், "சார், கத்தி கொண்டு வரட்டுமா, வெட்டித் தாங்க."

நான் மேடைக்கு ஓடிவந்ததற்கு ஒரே காரணம், தாங்கள் ஜக்கைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தீர்கள், என் பரிசு உடைந்துவிடும் போலிருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, மாவுத் தண்ணீர் தானாக இப்படி இறுகாது, எங்கிருந்தோ வெங்காரம் வந்திருக்கிறது. தேநீர் மேசையில் இருந்த எலுமிச்சைத் துண்டை எடுத்துப் பிழிந்தேன், கலக்கினேன், இறுக்கம் கழன்று ஜெல் தண்ணீராக ஓடியது. ஜனங்கள் வித்தை பார்த்ததுபோல் வாயைப் பிளந்தார்கள். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் தாங்கள் என்னை முழங்கையால் ஒதுக்கிவிட்டு டம்ளரை நிரப்பி, "பார்த்தீங்களா, ஒண்ணுமே இல்ல" என்று வாய்க்குக் கொண்டுபோனீர்கள். டேய், அதில் வெங்காரம் கலந்திருக்கிறதடா. மன்னிக்கவும், தாங்கள் குடிக்கப் போனதில் வெங்காரம் கலந்திருந்தது. எலுமிச்சை இறுக்கத்தைத்தான் தளர்த்தும், வெங்காரத்தை வெளியே அனுப்பாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால் கூடவே உட்காரப் போகிறவள் என் தங்கை. அதனால்தான் டம்ளரைப் பிடுங்கினேன். பாதி தங்கள் சட்டையில் கொட்டியது. அது பிடுங்கியதால் அல்ல, தாங்கள் விடாததால்.

அப்போதுதான் முன்வரிசையில் இருந்த அந்த அம்மாள் எழுந்தார்கள், ஓய்வுபெற்ற தலைமை நர்ஸ், குரலைக் கேட்டாலே கையை நீட்டி ஊசி போட்டுக்கொள்ளத் தோன்றும். "தம்பி, குடிக்கிற பொருள்னா ஏன் பிடுங்குறீங்க? உங்க யார்டு பக்கம் நடந்தா, நாங்க ஆபரேஷன் கருவி ஊறப்போடுற மருந்து வாசனை வருது. அது இந்த ஜக்குல இருக்கா, இல்லையா? நேரா சொல்லுங்க." தாங்கள் என்னைப் பார்த்தீர்கள். மேலாளர் என்னைப் பார்த்தார். அத்தனை பேர் பார்க்கும்போது எனக்கு வேறு பதில் தெரியவில்லை. "இல்லைங்கம்மா. இதுல தண்ணியும் மாவும்தான் இருக்கணும். கீழ போறதுல அந்த மருந்து உண்டு, தண்ணியில கிருமி வளர்ந்து மாவைத் தின்னுடாம இருக்க. குழாய் துருப்பிடிக்காம இருக்க ஒண்ணு, வழுக்கிட்டுப் போக ஒண்ணு. அளவு கொஞ்சம்தான். ஆனா குடிக்கிற சாமான் இல்ல. நான் குடிக்க மாட்டேன், எங்க மாப்பிள்ளையையும் குடிக்க விட மாட்டேன்."

அந்த அம்மாள் உட்கார்ந்துகொண்டே, "இதை முதல்லயே சொல்லியிருந்தா நாங்க டீயைக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்போமே" என்றார்கள். அதன் பிறகுதான் உருப்படியான பேச்சே நடந்தது. போனது திரும்பி மேலே வருமா என்று கேட்டார்கள். ஒரு பங்கு வரும், பாறையின் உப்பையும் சேர்த்துக்கொண்டு போனதைவிட மோசமாக வரும், அதை மூடிய தொட்டியில் வைக்க வேண்டும் என்றேன். ஊர்க் கிணறுகளை யார் சோதிப்பது என்று கேட்டார்கள். நாங்கள் சோதித்தால் நீங்கள் நம்பக் கூடாது, வெளி ஆளை வையுங்கள், நாங்கள் பாறையை உடைப்பதற்கு முன்னும் ஒரு முறை, பின்னும் ஒரு முறை என்றேன். தாங்கள் மேடை ஓரத்தில் சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றீர்கள்.

திரும்பி வரும் வேனில் தாங்கள் சொன்னது இதுதான்: "கட்டினவருக்குத்தானே அவ்வளவு சீக்கிரம் அவிழ்க்கத் தெரியும். நல்லா திட்டம் போட்டீங்க மச்சான். எலுமிச்சை உப்பு போடட்டுமான்னு கேட்டப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்." அதோடு பேச்சு நின்றது. எனக்குத் தெரிந்ததே என் குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. அப்படிப் பார்த்தால் தீயணைப்புக்காரர்தான் எல்லா வீட்டுக்கும் தீ வைக்கிறார்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். இரண்டு நாள் கழித்துத் தங்கை மாடிப்படியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவள், பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: "கூட்டத்துக்கு முந்தின ராத்திரி பார்த்தா அந்த ஜக்கு ஒரேயடியா மங்கிப் போயிருந்துச்சுண்ணா. அவர் சட்டைக்குப் போடுற பொடியை ஒரு கை போட்டு ஊறவச்சேன், அப்பவும் சரியாப் போகல." அவர் சட்டைக்குப் போடுகிற பொடி. மாப்பிள்ளை, அந்தப் பொடி எது? யார்டில் கிழிந்துபோன மூட்டையிலிருந்து தாங்களே ஒரு டப்பாவில் அள்ளி வந்து, "துணிக்குப் போட்டுப் பாரு, எப்படி வெளுக்குது" என்று அவளிடம் கொடுத்தது. ஜெல்லை இறுக்கும் அதே வெங்காரம். அவள் ஊறவைத்தாள், காலையில் அவசரத்தில் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியில் கரையாமல் ஒட்டியிருந்ததை அலசாமல், துணியில் சுற்றி எடுத்து வந்தது தாங்கள். உலகத்தில் வேறு எந்த வீட்டு ஜக்கிலும் இது நடந்திருக்காது. கிணற்றுக்குப் போட வேண்டியதைச் சட்டைக்குப் போடும் வீட்டில்தான் நடக்கும். தங்கையின் மேல் எள்ளளவும் தப்பில்லை. அவளிடம் குரலை உயர்த்தினால் கூரை வழியாக எனக்குக் கேட்கும் என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

ஆகவே நான் கேட்பது மன்னிப்பு அல்ல. மேலாளரிடம் தாங்களாகவே போய் உண்மையைச் சொல்ல வேண்டும், மணல் கிடங்குப் பேச்சு நிற்க வேண்டும், ஜக்கை என்னிடம் திருப்பித் தர வேண்டும். செய்வீர்கள் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. தங்களைப் போன்றவர்கள் தங்கள் தப்பைத் தாங்களே போய்ச் சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும் மூத்தவன் என்ற முறையில், தங்கள் உடம்பு நலமாக இருக்கவும், ரத்த அழுத்தம் ஏறாதிருக்கவும், சட்டைகள் என்றும் வெண்மை குன்றாதிருக்கவும், அதற்கு வேறு சோப்பு கிடைக்கவும் மனமார வாழ்த்துகிறேன். தங்கைக்கு என் ஆசிகள். நாற்காலியின் கால்களுக்கு ரப்பர் மாட்டினால் நன்று.

இப்படிக்கு,

பின்குறிப்பு: "இப்படிக்கு" என்று எழுதிப் பேனாவை ஊன்றும்போது தங்கை இறங்கி வந்தாள். கடிதத்தின் மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினேன்.

"யாருக்குண்ணா லெட்டர்?"

"பத்திரிகைக்கு. ரோடு சரியில்லைன்னு."

"ரோடு நல்லாத்தானே இருக்கு. சரி, அதை விடுங்க, சேதி தெரியுமா? நேத்து அவர் சமையலறையில நின்னு மாவையும் என் துணிப் பொடியையும் கலந்து ஜக்கைச் சாய்ச்சுச் சாய்ச்சுப் பாத்துட்டிருந்தார். நாக்கு தொங்குச்சு. நாற்காலியில தொப்புனு உக்காந்துட்டார். உங்களுக்குக் கேட்டிருக்குமே."

கேட்டது. தாங்கள் நலமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"காலையில மேலாளர்கிட்டப் போய், ஜக்கு என் வீட்டு ஜக்கு, பொடி நான் யார்டுல இருந்து கொண்டுபோனது, அலசாம எடுத்து வந்தது நான், மச்சான் மேல ஒரு தப்பும் இல்லைன்னு சொல்லிட்டாராம். மணல் கிடங்கெல்லாம் ஒண்ணும் கிடையாது. அந்த நர்ஸம்மா வேற மேலாளருக்குப் போன் பண்ணி, அடுத்த கூட்டத்துல குடிக்க மாட்டேன்னு சொன்ன ஆளையே பேசச் சொல்லுங்கன்னாங்களாம். ஊர்க்காரங்க கிணறு சோதிக்கிற வேலைக்கும் கம்பெனி ஒத்துக்கிட்டாச்சு."

நான் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினேன். பிறகு முக்கியமானதைக் கேட்டேன். "மேலாளர்கிட்ட என்னை அவன்னு சொன்னாரா, அவர்னு சொன்னாரா?"

"அண்ணேன்னு சொன்னாராம். பழைய ஞாபகத்துல வந்துடுச்சாம். மேல வாங்க, கூப்பிட்டு வரச் சொன்னார். தானா வந்து கூப்பிட வெக்கமா இருக்காம். ஜக்குல தண்ணி வச்சிருக்கேன். நல்லா அலசிட்டேன்."

வருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். மாப்பிள்ளை, இது நியாயமா? ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா? மேலே எழுதியதில் பாதி இப்போது பொய்யாகிவிட்டது, ஆனால் நன்றாக எழுதியிருக்கிறேன், அந்த நாக்கு டம்ளரைப் பார்க்கும் இடத்தைத் திரும்பப் படித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. கிழிக்க மனம் வரவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பினால் தாங்கள் பதிலுக்கு மன்னிப்புக் கேட்பீர்கள், நான் மன்னிக்க வேண்டியிருக்கும், அதன் பிறகு குறை சொல்ல என்னிடம் மீதி இருக்கப் போவது துணியிலிருந்து சொட்டும் தண்ணீர் ஒன்றுதான், அதை வைத்துக்கொண்டு எத்தனை காலம் ஓட்டுவது? அதனால் மேலே வரும் வழியில் தெருமுனையில் இருக்கும் தபால் பெட்டியில் இதைப் போட்டுவிட்டு வருகிறேன். நம் கட்டடத்துத் தபால் பெட்டியின் சாவி என்னிடம்தான் இருக்கிறது. கடிதம் வந்ததும் நானே எடுத்துக்கொண்டு வந்து தங்கள் கையில் கொடுப்பேன். யார் எழுதியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. கையெழுத்துப் போடாமல் அனுப்புவதென்று முடிவு செய்துவிட்டேன்.